அப்பத்தாவின் செம்பு அண்டாவுக்கு அடி மாற்றியது

அவிநாசிக்கு வடக்கே எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) குளிக்கிற தண்ணீர் இன்றைக்கும் விறகடுப்பில்தான் காய்கிறது. அதற்கென்று இருக்கும் செம்பு அண்டா அடியில் ஒழுக ஆரம்பித்தது. முதலில் ஈரம் கசிந்தது, அப்புறம் சொட்டியது, கடைசியில் அடுப்பையே நனைத்தது. அப்பத்தாவின் கல்யாணச் சீரில் வந்த அண்டா. கழுத்துப் பக்கம் அவர் பேரின் முதலெழுத்து புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறது. 40 லிட்டர் பிடிக்கும், எடை ஆறரைக் கிலோ.

டவுனில் ஒரு பாத்திரக்கடையில் காட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் தராசில் வைத்தார்கள். பழைய செம்புக்கு இவ்வளவு, அதைக் கழித்துக்கொண்டு புதுசு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒட்டுப் போட முடியாதா என்றால், “அதெல்லாம் இப்ப யாருங்க பண்றாங்க” என்று பதில் வந்தது. பண்ணுகிறவர்கள் அதே ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளித்தான் இருக்கிறார்கள். திருப்பூர் என்றால் பனியன் என்று மட்டும் நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அவிநாசி ரோட்டில் அனுப்பர்பாளையத்திலும் அதைச் சுற்றியும் செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகள் இருக்கின்றன. நிறையக் குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. இப்போது பெரும்பாலும் எவர்சில்வரும் லேத்து வேலையும்தான். கையால் செம்பு அடிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைத் தெரிந்தவர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: நெருப்பு வேலையை நீங்கள் பாருங்கள், மற்றதில் என்னால் முடிந்ததை நான் செய்கிறேன். “வேலை இழுக்குமே தம்பி” என்றார். இழுக்கட்டும் என்றேன்.

ஓட்டையைத் தேடுவது

பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. உள்ளே விரல் நகக் கனத்துக்கு வெள்ளைப் படிவு. எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். ஆழம் போகப் போக உப்பு கூடுகிறது. காய்ச்சக் காய்ச்சச் சுண்ணாம்பு இறங்கி அடியில் கல்லாக உட்கார்ந்துவிடும். விறகுச் செலவு கூடும் என்பதோடு போகாது. படிவு இருக்கிற இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும். வெளிப்பக்கம் செம்பு கருத்துச் செதில் செதிலாக உரியும். ஒவ்வொரு செதிலும் தகட்டின் கனத்திலிருந்து போகிற செம்புதான்.

படிவை உளி வைத்துக் கொத்தக் கூடாது. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைப்பதைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நுரைத்துக்கொண்டே ராத்திரி முழுக்க வேலை செய்தது. காலையில் முக்கால்வாசி படிவு சேறாகக் கையோடு வந்தது, மீதிக்கு இன்னொரு தரம். வெளியே பல வருஷக் கரி. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பிறகு புளியும் கல்லுப்பும். புளியில் இருக்கும் அமிலம் கருப்பையும் பச்சைக் களிம்பையும் கரைத்துவிடும், கீழே இருக்கும் செம்பை அவ்வளவாகத் தொடாது. கடையில் விற்கும் பளபளப்புப் பொடிகளைவிட இதுவே போதும் என்பது என் கட்சி.

கரி போனதும் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அடியில் யாரோ எப்போதோ ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அதன் மேலே குழாய்க்குப் பூசும் பிசினை அப்பியிருக்கிறார்கள். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். அண்டாவில் தண்ணீர் இருக்கும்வரை அடித்தகடு 100 டிகிரிக்கு ரொம்ப மேலே போகாது, அதனால் பற்று நிற்கும். ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்து நெருப்பு வைத்தால் போதும், அத்தனையும் வழிந்துவிடும்.

இன்னொன்று, அண்டாவின் பக்கத்திலும் அடியைச் சுற்றியும் ஓடிய மஞ்சள் நிறப் பல்வரிசை. சிவப்புச் செம்பில் சாரைசாரையாக ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு. இத்தனை வருஷம் அது கரிக்குள் இருந்ததால் நான் பார்த்ததே இல்லை.

ஓட்டை எங்கே என்று பார்க்கச் சுலபமான வழி இருட்டும் விளக்கும். அண்டாவைக் கவிழ்த்து உள்ளே ஒரு எல்.ஈ.டி. விளக்கை வைத்தேன். அடியின் நடுவில் ஊசிமுனை வெளிச்சம் பல இடத்தில் தெரிந்தது. ஆனால் பல்வரிசையின் இடுக்கு வெளிச்சத்தில் தெரியாது, ஏனென்றால் அங்கே தகடு ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அதற்கு வெளிப்பக்கம் சுண்ணாம்பு நீர் பூசிக் காயவிட்டுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஈரம் வருகிற இடம் கருக்கும். அடியைச் சுற்றிய வரிசையில் இரண்டு பல் அப்படிக் கருத்தன. பக்கச்சுவரில் ஓடிய வரிசை கிண்ணென்று இருந்தது.

பட்டறையில்

பெரியவர் அண்டாவைப் புரட்டி, விரல் கணுவால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். பக்கம் கணகணவென்றது. அடி சொத்தென்றது. “பக்கத்துக்கு இன்னொரு தலைமுறை தாங்குங்க. அடிய மட்டும் எடுத்தரலாம்.” காலிப்பர் வைத்து நான் அளந்ததும் அதையேதான் சொன்னது. பக்கச்சுவர் 1.2 மில்லிமீட்டர், அடியின் ஓரம் 0.9, குழி விழுந்த இடங்களில் பாதிகூட இல்லை. ஈரச் சாம்பல் மேலேயே எப்போதும் உட்கார வைத்ததும் ஒரு காரணம் என்றார். சாம்பலில் இருக்கும் உப்பும் காரமும் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பைத் தின்னும்.

அந்தப் பல்வரிசையை வைத்து இந்த அண்டா பிறந்த விதத்தை அவர் சொல்லிக்காட்டினார். நீளத் தகட்டை வளைத்து இரண்டு ஓரத்தையும் சேர்ப்பார்கள். ஒரு ஓரத்தில் கத்திரியால் பல் வெட்டி, ஒரு பல்லை மேலே, அடுத்ததைக் கீழே என்று விரிப்பார்கள். மறு ஓரத்தை அதற்குள் நுழைத்து அடித்து மூடுவார்கள். அந்த இடுக்கில் பித்தளைப் பொடியையும் வெங்காரத்தையும் (போராக்ஸ்) குழைத்துப் பூசி உலையில் காட்டுவார்கள். பித்தளை உருகி இடுக்குக்குள் ஓடிவிடும், செம்பு அப்படியே நிற்கும். அதன் பிறகுதான் வயிற்றையும் கழுத்தையும் அடித்து எடுப்பார்கள். அடியும் இதே மாதிரி தனி வட்டமாகச் சேர்ப்பது. வாய் விளிம்பில் இரும்புக் கம்பியை வைத்துத் தகட்டைச் சுருட்டியிருக்கிறது. வளையக் காதுகள் செம்பு ஆணியில் நிற்கின்றன.

இப்போது லேத்தில் சுழலும் அச்சின் மேல் வட்டத் தகட்டை வைத்து அழுத்தினால் சற்று நேரத்தில் பாத்திரம் ஆகிவிடுகிறது. இணைப்பே இல்லை. அது மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்கிற சொம்புக்கும் குடத்துக்கும் அதுவே போதும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அடி போனால் மொத்தமும் போய்விட்டது என்றுதான் கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். கையால் செய்தவர் துண்டு துண்டாகச் சேர்த்ததால், துண்டு துண்டாகக் கழற்றவும் தெரிந்திருக்கிறார்.

பழைய ஈயப்பற்றை நான்தான் சுரண்டினேன். சலிப்பான வேலை, ஆனால் விட முடியாது. ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கும் செம்பை உலையில் காட்டினால் ஈயம் செம்புக்குள் ஊறி அந்த இடம் நொறுங்கும், பித்தளையும் பிடிக்காது. அரம், சுரண்டி, கடைசியில் உப்புத்தாள். ஈயத்தூள் பறக்காமல் ஈரத்தோடு தேய்த்து, தூளைத் துணியில் ஒற்றித் தனியாகக் கட்டிப் போட்டேன். பிறகு கவராயத்தால் வட்டம் போட்டு, அடியின் கெட்ட பகுதியை உளியால் வெட்டி எடுத்தோம். பெரியவர் நல்ல செம்பு வரும் வரைக்கும் வெட்டச் சொன்னார். நான் ஓரமாக நிறுத்தியிருப்பேன், அவர் இன்னும் இரண்டு விரல் வெளியே கோடு போட்டார்.

புதுத் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். அடிதானே, இன்னும் கனமாகப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். கனம் ஒன்றுக்கொன்று ரொம்ப மாறினால் உலையில் மெல்லிய பக்கம் முதலில் சிவக்கும், கனமான பக்கம் சிவக்கும்போது மெல்லியது உருகும் என்றார். கேட்ட பிறகு ‘அதானே’ என்று இருந்தது.

இளக்குவதும் இறுக்குவதும்

தட்டைத் தகட்டை அண்டா அடிக்கு ஏற்றபடி லேசாகக் குழிக்க வேண்டும். புளியமரக் கட்டையில் குடைந்த பள்ளம், அதன் மேல் தகடு, உருண்டை முகச் சுத்தியல். வெளி ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாக உள்ளே அடித்துக்கொண்டு வர வேண்டும். தொடக்கத்தில் தகடு சொன்னபடி கேட்கும். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் எகிறும், சத்தம் மேலே போகும். செம்பு இறுகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அடித்தால் ஓரத்தில் வெடிப்பு விடும்.

அப்போது உலைக்குப் போக வேண்டும். நிழலில் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரிகிற அளவுக்குக் காய்ச்சி, அப்படியே தண்ணீரில் முக்குவது. இரும்பு வேலை பார்த்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும். செம்பு ஆற விட்டாலும் முக்கினாலும் இளகித்தான் இருக்கும். முக்குவதில் ஒரு லாபம், கருப்புச் செதில் படக்கென்று தானாக உரிந்துவிடும். வெளியே எடுத்த தகட்டைக் கையால் வளைக்கலாம், தோல் மாதிரி மடங்குகிறது. மறுபடி அடி, மறுபடி இறுகும், மறுபடி உலை. செம்பு வேலை முழுக்கவே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. எப்போது இளக்குவது, எங்கே இறுகலாக விடுவது என்பதில் கை பழகியவர்தான் வேலைக்காரர். பெரியவர் அதைக் காதால் கண்டுபிடிக்கிறார். நான் அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வேறெங்கோ பார்த்தபடி “போதும், காச்சுங்க” என்பார். கையில் எனக்கு வித்தியாசம் தெரிவதற்கு முன்னாலேயே அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

குழித்த வட்டின் ஓரத்தில் பல் வெட்டியது அவர். ஒவ்வொரு பல்லும் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம், அரை விரல் ஆழம். கண்ணளவில் வெட்டினார், அளந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பல் அண்டாவுக்குள்ளே, அடுத்தது வெளியே என்று மாற்றி மாற்றி நுழைத்து, இரும்புக் கம்பத் தலையில் வைத்துத் தட்டி மூடினோம். சேர்கிற இடம் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய்கூடப் பித்தளையைத் தடுக்கும் என்பதால், துடைத்த பிறகு அந்த ஓரத்தை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

நெருப்பு

இந்தக் கட்டத்தில் நான் வெறும் கையாள். அந்தக் காலத்துத் துருத்திக்குப் பதில் மோட்டார் வைத்த ஊதி, மற்றபடி அதே கரி உலை. வெங்காரத்தைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பித்தளை அரப்பொடியோடு குழைத்து இடுக்கு முழுக்கப் பூசினார். முதலில் மெதுவான சூட்டில் காட்டிக் காய வைத்தார். அவசரப்பட்டால் வெங்காரம் பொரிந்து எழும்பும்போது பொடியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் ஊதியைக் கூட்டினார். வெங்காரம் 740 டிகிரி வாக்கில் கண்ணாடியாக உருகி இடுக்கில் பரவுகிறது. அதன் வேலை செம்பில் கருப்பு ஏறாமல் காப்பது. இன்னும் ஏறினால், பாதிக்குப் பாதி துத்தநாகம் இருக்கும் பித்தளைப் பொடி 880 டிகிரி சுமாருக்கு உருகும். செம்பு உருகுவது 1085. நடுவே இருக்கும் அந்த 200 டிகிரிதான் அவருக்குக் கிடைக்கிற இடம். அவரிடம் வெப்பமானி எதுவும் இல்லை. பட்டறையில் விளக்கை அணைத்துவிட்டு நிறத்தைப் பார்க்கிறார்.

உருகுகிற நொடி தப்பாமல் தெரிகிறது. சொரசொரப்பாக இருந்த பொடி சட்டென்று மினுங்கி, கோடாக ஓடி மறைகிறது. ஓடியதும் அந்த இடத்தை உடனே நகர்த்தி அடுத்த இடத்தைக் காட்ட வேண்டும். அண்டாவைச் சுற்றிச் சுற்றித் திருப்புவதுதான் என் வேலை. நீளக் குறடு, கனத்த கையுறை. அப்படியும் முகம் எரிந்தது. பித்தளை அதிகம் காய்ந்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாக வரும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தன, நான் முகமூடியும் போட்டிருந்தேன். பெரியவர் போடவில்லை. சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்.

ஆறிய பிறகு வெங்காரம் இடுக்கெல்லாம் பச்சைக் கண்ணாடியாக ஒட்டியிருந்தது. சூடான புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கழற்ற முடிந்தது. தண்ணீர் நிரப்பிச் சுண்ணாம்புச் சோதனை மறுபடி. ஒரு பல்லில் மட்டும் ஈரம். அந்த இடத்துக்கு மட்டும் வெங்காரமும் பொடியும் வைத்து மறுபடி ஒரு காட்டு. நின்றுவிட்டது.

சுத்தியல் தடம் எதற்கு

வேலை முடிந்தது என்று நான் நினைத்த இடத்தில்தான் நீளமான வேலை ஆரம்பித்தது. இவ்வளவு நெருப்பு பார்த்த பிறகு அடி முழுக்க இளகிக் கிடந்தது. கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. அப்படியே தண்ணீர் நிரப்பிக் கல்லடுப்பில் வைத்தால் கல் பதிந்த மாதிரி உள்வாங்கிவிடும். அதனால் மொத்த அடியையும் மறுபடி அடித்து இறுக்க வேண்டும். உருண்டைத் தலைக் கம்பத்தின் மேல் அண்டாவைக் கவிழ்த்து, கண்ணாடி மாதிரி தேய்த்த முகம் உள்ள சுத்தியலால், நடுவிலிருந்து வெளியே வளையம் வளையமாக. ஒரு அடியின் தடம் முந்திய தடத்தை மூன்றில் ஒரு பங்காவது மூட வேண்டும். வலுவாக அடிக்கத் தேவையில்லை, ஒரே வலுவில் அடிக்க வேண்டும். சுத்தியல் முகத்துக்குக் கீழே தகடும் கம்பமும் ஒட்டி இருந்தால் டங் என்கிறது, இடைவெளி இருந்தால் டொக். டொக் என்று கேட்டால் அண்டாவை நகர்த்து. இதைத்தான் என்னிடம் விட்டார்கள். தோள்பட்டை பிறகு பல நாள் அதை நினைவூட்டியது.

இப்போது கடைகளில் சுத்தியல் அடித்த மாதிரி புள்ளி போட்ட செம்பு பாட்டிலும் டம்ளரும் விற்கிறார்கள். பெரும்பாலும் லேத்தில் செய்து, அழகுக்காகப் பின்னால் புள்ளி வைப்பதுதான். விலையும் கூடுதல். அப்பத்தாவின் அண்டாவைச் செய்தவர் தடம் தெரியக் கூடாது என்றுதான் பாடுபட்டிருக்கிறார். பழைய பக்கச்சுவரில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தடங்கள் தெரிகின்றன, அவ்வளவு சீராக. நான் அடித்த அடியில் தூரத்திலிருந்தே தெரிகின்றன. பெரியவர் பார்த்துவிட்டு, “கடையில இதுக்குத்தான் சேத்திக் காசு வாங்கறாங்க தம்பி” என்றார்.

குளிக்கிற தண்ணீருக்கு உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசத் தேவையில்லை. சமைக்கிற போசியாக இருந்தால் கண்டிப்பாக வேண்டும். மோர், புளி, தக்காளி எல்லாம் செம்போடு சேர்ந்தால் களிம்பு இறங்கும், குமட்டும். முன்பு வீதி வீதியாக ஈயம் பூசுகிறவர்கள் வருவார்கள். பாத்திரத்தைக் காய்ச்சி நவச்சாரம் என்கிற உப்பைத் தூவி, வெள்ளீயக் கட்டியைத் தொட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பில் பூசிவிடுவார்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுவதால் சின்னக் கரியடுப்பு போதும். இப்போது பூசக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு, கலப்படத்துக்கு ஆசை வரும். கட்டியைக் காகிதத்தில் தேய்த்தால் காரீயம் பென்சில் மாதிரி கோடு போடும். நல்ல வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் மெல்லிய நொறுங்கல் சத்தம் கேட்கும். சந்தேகம் இருந்தால் வெள்ளீயத்தை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

செலவு, புதுச் செம்பு அண்டா விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதில் பாதி தகட்டுக்கே போனது. பெரியவர் கேட்ட கூலி குறைவு என்று எனக்குப் பட்டது, கூட்டிக் கொடுத்தேன். எவர்சில்வர் அண்டா இதைவிட மலிவுதானே என்று வீட்டில் கேட்டார்கள். மலிவுதான். ஆனால் செம்பு எவர்சில்வரைப் போல இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், நெருப்பு ஒரு ஓரத்தில் எரிந்தாலும் அடி முழுக்கப் பரவும். படிவு போனதும் புது அடியுமாக, தண்ணீர் காயும் நேரம் குறைந்திருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. பேச்சு அதோடு நின்றது.

இப்போது குளித்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைக்கிறோம். சாம்பலை அன்றன்றே அள்ளிவிடுகிறோம். மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பு. பாக்கி இருப்பது ஒரு பக்கத்து வளையக் காது, அதன் ஆணி ஆடுகிறது. பக்கத்து வெல்டிங் கடையில் இரும்பு ஆணி அடித்துத் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். செம்போடு ஒட்டிய இரும்பு உப்புத் தண்ணீர் பட்டால் வேகமாகத் துருவேறும், துளையும் பெரிதாகிவிடும். கனத்த செம்புக் கம்பித் துண்டு வாங்கி வைத்திருக்கிறேன், பட்டறையில் கூட்டம் குறைந்ததும் கொண்டுபோக வேண்டும்.